பத்தொன்பதாம் மாடியில் ஆடிய விளக்கு

கேள்வி: பினாங்கு தஞ்சோங் பூங்காவில், கடற்கரைச் சாலையை ஒட்டிய அடுக்குமாடியின் 19-ஆம் மாடியில் வசிக்கிறோம். சுமத்ராவில் நிலநடுக்கம் ஏற்பட்ட அன்று, பூசையறையில் தொங்கும் விளக்கு தானாக ஆடத் தொடங்கியது. எனக்குத் தலை சுற்றியது. இரத்த அழுத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டு வழியே ஓடி இறங்கினோம். எதிரே தரைவீட்டில் இருக்கும் அத்தையோ, "எனக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்று சிரித்தார். மலேசியாவில் நிலநடுக்கம் வராது என்றுதானே பள்ளியில் படித்தோம்? எங்கள் கட்டடம் பலவீனமானதா? இந்த வீட்டை விற்றுவிட்டு நாங்களும் ஒரு தரைவீட்டுக்குப் போய்விடலாமா?

பதில்:

சகோதரி, உங்கள் விளக்கு சொன்னதும் உண்மை, உங்கள் அத்தை சொன்னதும் உண்மை. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் முப்பது ஆண்டுகள் கட்டடக் கட்டமைப்புப் பொறியாளராக வேலை பார்த்தவன் என்ற முறையில், உங்கள் கடைசி இரண்டு கேள்விகளுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: விளக்கு ஆடியது என்பதற்காகக் கட்டடம் பலவீனமானது என்று ஆகிவிடாது, அதற்காக வீட்டை விற்கவும் தேவையில்லை. ஆனால் தஞ்சோங் பூங்காவில் இருப்பவர்கள் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது. அதை நீங்கள் கேட்கவில்லை; இங்கே பெரும்பாலானோர் கேட்பதில்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

"மலேசியாவில் நிலநடுக்கம் வராது" என்று நாம் படித்தது பாதி உண்மை. தீபகற்ப மலேசியா சுந்தா என்னும் புவித்தட்டின் உட்பகுதியில் இருக்கிறது. தட்டுகள் ஒன்றோடொன்று மோதும் விளிம்பு நமக்கு இல்லை. அந்த விளிம்பு சுமத்ராவின் மேற்குக் கடலில் இருக்கிறது. அங்கே இந்தியப் பெருங்கடலின் அடித்தட்டு, ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் என்ற அளவில், சுமத்ராவுக்கு அடியில் நுழைந்துகொண்டே இருக்கிறது. அது போதாதென்று, பாரிசான் மலைத்தொடரை ஒட்டி சுமத்ராவின் நீளம் முழுவதும், சுமார் 1,900 கிலோமீட்டருக்கு, ஒரு பெரும் பிளவும் ஓடுகிறது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தின் மையம் பினாங்கிலிருந்து சுமார் 540 கிலோமீட்டர், கோலாலம்பூரிலிருந்து சுமார் 640 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. சண்டை அடுத்த வீட்டில்தான் நடக்கிறது. நம் வீட்டுச் சுவர் வழியே கேட்பது அதன் சத்தம் மட்டுமே. ஆனால் அந்தச் சத்தம் அடிக்கடி கேட்கிறது. 2005 மார்ச்சில் நியாஸ் தீவருகே 8.6, 2007 செப்டம்பரில் பெங்கூலுவில் 8.4, 2009 செப்டம்பரில் பாடாங்கில் 7.6 எனப் பெரிய நிலநடுக்கங்கள் வந்தபோதெல்லாம் இங்குள்ள மாடிவாசிகள் இறங்கி ஓடியிருக்கிறார்கள். 2022 பிப்ரவரியில், பாரிசான் பிளவின்மேல் உள்ள பசாமான் பகுதியில் ஏற்பட்ட ஆறு சொச்ச அளவு நிலநடுக்கமே கோலாலம்பூர் அலுவலகங்களைக் காலியாக்கப் போதுமானதாக இருந்தது. நியாஸ் நிலநடுக்கம் வந்தது நமக்கு மார்ச் 29, நள்ளிரவு தாண்டிய சில நிமிடங்களில். அப்போது நான் கோலாலம்பூரில் ஓர் அடுக்குமாடியில் குடியிருந்தேன். கார் நிறுத்துமிடத்தில் சாரோங் கட்டிய ஆண்களும், தூங்கும் குழந்தைகளைத் தோளில் போட்ட பெண்களும், கையில் முருகன் படத்தோடு ஒரு பெரியவரும் நின்றிருந்த காட்சி இன்னும் கண்ணில் இருக்கிறது. கீழ்மாடிக்காரர்கள் சிலர் எங்களையே வேடிக்கை பார்க்கத்தான் எழுந்து வந்தார்கள்.

மேல்மாடிக்குத் தெரிந்தது கீழ்மாடிக்கு ஏன் தெரியவில்லை? தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழியில் உறுமி மேளத்துக்குப் பக்கத்தில் நின்றால், ஜால்ராவின் கூர்மையான ஓசை முதல் பெரிய மேளத்தின் அடி வரை எல்லாம் காதில் விழும். அதே மேளம் இரண்டு தெரு தள்ளிப் போனபின் காதுக்கு எட்டுவது அடிமேளத்தின் 'தும் தும்' மட்டும்தான். சிறு ஓசைகள் வழியிலேயே அடங்கிவிடுகின்றன. நிலநடுக்க அலைகளும் இப்படித்தான். மையத்துக்கு அருகில் நொடிக்குப் பலமுறை உதறும் அலைகளும், ஓர் ஆட்டத்துக்குச் சில நொடிகள் எடுத்துக்கொள்ளும் மந்தமான அலைகளும் கலந்தே புறப்படுகின்றன. உதறும் அலைகள் பாறைகளினூடே வரும்போது சில நூறு கிலோமீட்டருக்குள் வலுவிழந்துவிடுகின்றன. மந்தமான அலைகள் மட்டும் தரையின் மேற்பரப்பை ஒட்டித் தவழ்ந்து நம்மை வந்து சேர்கின்றன. அவை தரையை அசைக்கும் அளவு மிகச் சிறியது, அதிலும் மிக மெதுவானது; ஆகவே தரையில் நிற்கும் மனிதனின் உடலுக்கு அது உறைப்பதில்லை.

ஆனால் ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனக்கென்று ஓர் அலைவு நேரம் உண்டு. தோராயமாகச் சொன்னால், மாடி ஒன்றுக்கு நொடியின் பத்தில் ஒரு பங்கு. அத்தையின் ஒற்றை மாடி வீடு நொடிக்குப் பத்து முறை அதிரக்கூடியது. இருபது மாடிக் கட்டடம் ஒருமுறை போய்வர இரண்டு நொடி எடுத்துக்கொள்ளும். தொலைவிலிருந்து வரும் அலையின் தாளமும் கட்டடத்தின் தாளமும் ஒன்றாகும்போது, ஊஞ்சலைச் சரியான கணத்தில் தள்ளுவதைப்போல ஒவ்வொரு அலையும் முன்னைய ஆட்டத்தோடு சேர்ந்துகொள்கிறது. ஒத்ததிர்வு என்று பள்ளி அறிவியலில் படித்தது இதைத்தான். அடிவாரத்தில் யாருக்கும் தெரியாத அசைவு உச்சியில் பல மடங்காகிறது. உங்கள் விளக்கைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு மீட்டர் நீளச் சங்கிலியில் தொங்கும் எந்தப் பொருளும் ஒருமுறை போய்வர எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறத்தாழ இரண்டு நொடிதான். உங்கள் பூசையறைச் சங்கிலியும் ஏறத்தாழ அந்த நீளம் என்றால், இருபது மாடிக் கட்டடத்தின் அசைவைக் காட்டிக்கொடுக்க அதைவிடப் பொருத்தமான கருவியை யாரும் விலைக்கு வாங்கித் தர முடியாது. தலைசுற்றலைக் கண்டு பயப்பட வேண்டாம். கண் அசையாத அறையைப் பார்க்க, உட்காது அசைவை உணர்வதால் வரும் குழப்பம் அது. கப்பலில் வருவதும் இதுவே. ஓரிரு நாள் வரை அவ்வப்போது ஆடுவதுபோலத் தோன்றுவதும் உண்டு.

இதற்கு நேர்மாறானதும் நம் நாட்டில் நடக்கிறது. 2007 முதல் 2009 வரை பகாங்கின் புக்கிட் திங்கியில் ஏற்பட்ட சிறு நடுக்கங்களும், 2025 ஆகஸ்ட் 24 விடியற்காலையில் ஜொகூரின் சிகாமட்டில் ஏற்பட்ட 4.1 அளவு நிலநடுக்கமும் நம் மண்ணுக்கு அடியிலேயே பிறந்தவை. தீபகற்பத்தின் உள்ளே கிடக்கும் பழைய பிளவுகள் முற்றிலும் உறங்கிவிடவில்லை என்பதற்கு அவை சான்று. 2015 ஜூன் 5 அன்று சபாவின் ரானாவ் பகுதியை உலுக்கிக் கினபாலு மலையில் 18 உயிர்களைப் பறித்த 6.0 அளவு நிலநடுக்கத்தின் கதை வேறு. அந்தப் பகுதியின் நில அமைப்பும் வேறு. எண்களைக் கண்டு மயங்கவும் கூடாது: அளவுகோலில் ஒரு படி ஏறினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடுகிறது. சிகாமட்டின் 4.1-ஐயும் 2004-இன் 9.1-ஐயும் ஒப்பிட்டால் வேறுபாடு மூன்று கோடி மடங்குக்கு மேல். உங்களுக்குப் பயன்படக்கூடியது இவ்வளவுதான்: வெடுக்கென்று உதறி, சன்னல் கண்ணாடியைச் சலசலக்க வைத்து, சில நொடிகளில் அடங்கி, தரைவீட்டுக்காரரையும் எழுப்பிவிட்டால் அது அருகில் பிறந்த சிறியது. மெதுவாக, தொட்டிலாட்டுவதுபோல, ஒரு நிமிடத்துக்கு மேலும் நீடித்து, மாடிக்காரருக்கு மட்டும் தெரிந்தால் அது தொலைவில் பிறந்த பெரியது. இந்த இரண்டாவதை மறந்துவிடாதீர்கள். கடைசியில் அது தேவைப்படும்.

இனிக் கட்டடத்துக்கு வருவோம். தொலைதூர நிலநடுக்கம் கட்டடங்களைச் சாய்த்ததே இல்லை என்று நான் சொன்னால் அது பொய்யாகிவிடும். 1985 செப்டம்பர் 19 அன்று, 350 கிலோமீட்டருக்கும் அப்பால் கடலோரத்தில் பிறந்த நிலநடுக்கம், வற்றிய ஏரிப்படுகையின் களிமண்ணில் எழுந்த மெக்சிகோ நகரத்தில் நூற்றுக்கணக்கான கட்டடங்களைத் தகர்த்தது. குறிப்பாக, அந்தக் களிமண்ணின் தாளத்தோடு ஒத்துப்போன ஆறு முதல் பதினைந்து மாடிக் கட்டடங்களை. 2025 மார்ச் 28 அன்று மியன்மாரின் மண்டலே அருகே 7.7 அளவில் ஏற்பட்ட நிலநடுக்கம், ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்த பேங்காக்கில், கட்டி முடியாத முப்பது மாடிக் கட்டடம் ஒன்றை மண்ணோடு மண்ணாக்கியது. அந்தக் காணொளியைப் பார்த்த பலர் என்னிடம் பயந்து கேட்டார்கள். அதே நகரில் அதே நிமிடத்தில், உச்சியிலுள்ள நீச்சல் குளங்களிலிருந்து நீர் அருவியாகக் கொட்டும் அளவுக்கு ஆடிவிட்டு நிமிர்ந்து நின்ற நூற்றுக்கணக்கான கட்டடங்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஆடுவது பலவீனமன்று, சூறைக்காற்றில் தென்னை செய்வதும் அதுதான். உயரமான கட்டடம் வளைந்துகொடுக்க வேண்டும் என்றே வடிவமைக்கப்படுகிறது.

எனினும் மண்ணைப் பற்றி மெத்தனமாக இருக்க முடியாது. பினாங்குத் தீவின் நடுப்பகுதி கருங்கல் மலை. ஆனால் மக்கள் நெருங்கி வாழ்வது கடலோரச் சமவெளியிலும், கடலைத் தூர்த்து எடுத்த நிலத்திலும். அங்கே மென்மையான கடற்களிமண் அதிகம். அது மந்தமான அலைகளைப் பெருக்கிக் கொடுக்கும். ஒரே உயரமுள்ள இரண்டு கட்டடங்களில் ஒன்று நன்றாக ஆடியதும், மலையடிவாரத்தில் நின்ற மற்றொன்று பேசாமல் இருந்ததும் இதனால்தான். விதிமுறையைப் பற்றியும் மறைக்காமல் சொல்கிறேன். நான் தொழிலுக்கு வந்த காலத்தில் இங்கே பின்பற்றிய பிரிட்டிஷ் விதிநூலில் நிலநடுக்கம் என்ற பேச்சே கிடையாது. காற்றின் விசையைக் கணக்கிடுவோம். அது எவ்வளவு குறைவாக இருந்தாலும், கட்டடத்தின் எடையில் ஒன்றரை விழுக்காடாவது பக்கவாட்டில் தாங்க வேண்டும் என்ற குறைந்தபட்ச விதியைக் கடைப்பிடிப்போம். மலேசியாவுக்கான நிலநடுக்க வடிவமைப்பு இணைப்பு விதி 2017-இல்தான் வெளிவந்தது. ஆகவே நாட்டிலுள்ள உயர்ந்த கட்டடங்களில் பெரும்பாலானவை அதற்கு முந்தியவை. இது கேட்கச் சங்கடமான செய்திதான். ஆனால் இருபது மாடிக் கட்டடத்தைக் காற்றுக்கு ஒழுங்காக வடிவமைத்தாலே அதற்குக் கணிசமான பக்கவாட்டு வலிமை வந்துவிடுகிறது; 2004-இன் 9.1 வரை இங்கு வந்த தொலைதூர அதிர்வுகளை நம் கட்டடங்கள் தாங்கியும் இருக்கின்றன.

உங்கள் கட்டடத்தில் நான் பார்க்கச் சொல்வது விரிசல்களின் குணத்தை. தூணும் செங்கல் சுவரும் சேருமிடத்தில் மயிரிழைபோல நேர்கோட்டில் ஓடும் விரிசல், பூச்சு பிரிந்ததன் அடையாளம். அதற்காக உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். தூணிலோ உத்தரத்திலோ சாய்வாக ஓடும் விரிசல், பெருக்கல் குறிபோல ஒன்றையொன்று வெட்டும் விரிசல், இருபது சென் நாணயத்தின் விளிம்பு நுழையும் அகலம், காங்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிவது, நேற்று வரை எளிதாகச் சாத்திய கதவு இன்று நிலையில் இடிப்பது ஆகியவை வேறு வகை. இவற்றில் ஒன்று தென்பட்டாலும் படம் எடுத்து, தேதி குறித்து, குடியிருப்பு நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். பதிவு பெற்ற பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள். மேலே பதினெட்டு மாடி வீடுகளுக்குச் சுவர்கள் இருக்க, கீழ்த்தளம் மட்டும் கார் நிறுத்துவதற்காக வெறும் தூண்களோடு திறந்து கிடக்கும் அமைப்பு நம் ஊரில் ஏராளம். கட்டடத்தின் பலவீனமான இடம் பெரும்பாலும் அந்தத் தளம்தான். எனவே பூசையறைச் சுவரைவிட அந்தத் தூண்களை முதலில் போய்ப் பாருங்கள். விசாலமாக்குகிறேன் என்று எவரேனும் அங்கே தூணைச் செதுக்கியிருந்தால், நிலநடுக்கம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, அன்றே புகார் செய்யலாம்.

படிக்கட்டில் ஓடியது சரியா என்பதற்கு என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன்: உங்களைப் பொறுத்தவரை அது ஆட்டத்தைவிட ஆபத்தானது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு பத்தொன்பது மாடி இறங்கச் சில நிமிடங்களாவது ஆகும். நீங்கள் பாதி இறங்கும் முன்பே பெரும்பாலும் அதிர்வு நின்றிருக்கும். இருட்டில், நூறு பேர் நெருக்கும் படிக்கட்டில், ஆடிக்கொண்டிருக்கும்போது தடுக்கி விழுவதுதான் நடக்கக்கூடிய விபத்து. கண்ணாடியையும் உயரமான அலமாரியையும் விட்டு விலகி, உறுதியான மேசைக்கு அடியில் குழந்தையோடு உட்காருங்கள். அடுப்பு எரிந்தால் அணைத்துவிடுங்கள். மின்தூக்கியை நினைத்தும் பார்க்க வேண்டாம். ஆட்டம் நின்ற பிறகு நிதானமாக இறங்கலாம். இறங்கியவுடன் கட்டடத்தின் காலடியில் நின்று அண்ணாந்து பார்க்காமல் விலகி நில்லுங்கள், ஏனென்றால் தளர்ந்த ஓடும் கண்ணாடியும் விழுவது அங்கேதான்.

இப்போது நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை. மலேசிய நேரம் காலை 9 மணிக்கு ஓரிரு நிமிடம் முன்பு நிலநடுக்கம் ஏற்பட்டது. பினாங்கின் மாடிவாசிகள் பலர் அதை உணர்ந்தார்கள், சிலர் இறங்கினார்கள், கட்டடத்துக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் மேலே திரும்பிக் காலைப் பசியாறினார்கள். ஆபத்து கட்டடத்தில் இல்லை என்றதும் ஆபத்தே இல்லை என்று எல்லோரும் எண்ணிவிட்டோம். நானும் அப்படித்தான் எண்ணினேன். பிற்பகல் 1 மணியை ஒட்டிக் கடல் எழுந்தது. பத்து ஃபெரிங்கி, தஞ்சோங் பூங்கா உள்ளிட்ட வடகரையிலும், மேற்கே பாலிக் புலாவ் பக்கத்துக் கடலோரத்திலும், குடும்பத்தோடு கடற்கரைக்குப் போயிருந்தவர்கள் அலையில் சிக்கினார்கள். மலேசியாவில் மாண்ட 68 பேரில் 52 பேர் பினாங்கில் மாண்டவர்கள்.

நான்கு மணி நேரம் ஏன் ஆனது? சுனாமியின் வேகத்தைத் தீர்மானிப்பது கடலின் ஆழம். 4,000 மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு 700 கிலோமீட்டரைத் தாண்டும்; 50 மீட்டர் ஆழத்தில் 80 கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். நம்மை நோக்கி வந்த அலை சுமத்ராவின் வடமுனையைச் சுற்றிக்கொண்டு, ஆழம் குறைந்த மலாக்கா நீரிணையின் வாயில் தவழ்ந்து வர வேண்டியிருந்தது. மேற்கே போன அலைக்கோ ஆழ்கடல் திறந்து கிடந்தது. நில முறிவு அந்தமான் வரை வடக்கே நீண்டிருந்ததும் அதற்குச் சாதகம். அதனால்தான் மையத்திலிருந்து ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் தள்ளியிருந்த நாகப்பட்டினத்தை அது இந்திய நேரம் காலை 9 மணியை ஒட்டியே தாக்கிவிட்டது. நம் கடிகாரத்தில் அது பதினொன்றரை மணி. அந்தக் காலத்தில் ரஜூலா கப்பலில் ஏறி நம் பாட்டன்மார் வந்திறங்கிய பாதையின் அந்த முனையில் ஆயிரக்கணக்கானோர் மடிந்துகொண்டிருந்தபோது, இந்த முனையில் ஒன்றரை மணி நேரம் மீதமிருந்தது. நாகையிலிருந்து பினாங்குக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் அங்கே நடந்தது இங்கேயும் நடக்கும் என்று அன்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

இன்று நிலைமை மாறியிருக்கிறது. மலேசிய வானிலை ஆய்வுத் துறையின்கீழ் தேசியச் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. கடலோரத்தில் அபாயச் சங்குகள் நிறுவப்பட்டுள்ளன. 2012 ஏப்ரல் 11 மாலை, சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது எச்சரிக்கை உடனே வந்தது. பெரிய அலை வரவில்லை. அங்கே கடலடித் தட்டுக்குள்ளேயே பாறைப் பாளங்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு பக்கவாட்டில் நழுவினவே தவிர, கடலடித்தளம் மேலெழும்பவில்லை. நீரைத் தூக்கிவிட ஆளில்லை. "அன்றைக்கு வீணாக ஓடினோம்" என்று இன்றும் சிலர் அலுத்துக்கொள்வதைக் கேட்கிறேன். மாடியிலிருந்து பார்ப்பவரால் நழுவலையும் எழும்பலையும் வேறுபடுத்தி அறிய முடியாது. ஆட்டம் இரண்டிலும் ஒன்றுதான். அந்த வேறுபாட்டைத் துறை அறிந்து சொல்லும் வரை கடற்கரையை விட்டு விலகியிருப்பதில் ஒரு மாலைப்பொழுதுதான் போகும்.

ஆகவே, சகோதரி, தரைவீட்டுக்குப் போகலாமா என்று கேட்டீர்களே, தஞ்சோங் பூங்காவின் கடலோரத்தில் அது தலைகீழான யோசனை. சுமத்ராவின் பெரிய நிலநடுக்கத்தில் உங்கள் பகுதிக்கு வரக்கூடிய உண்மையான ஆபத்து நீர். காங்கிரீட் கட்டடத்தின் 19-ஆம் மாடியோ அந்த நீரிலிருந்து தப்புவதற்கு மிக நல்ல இடங்களில் ஒன்று. அந்த நிலநடுக்கத்தை உணரும் வாய்ப்பு உங்களுக்குத்தான் இருக்கிறது. தரைவீட்டில் இருப்பவர்களுக்கு இல்லை. அத்தை சிரித்ததில் தவறில்லை, அவருக்கு விளக்கு ஆடவில்லை. அடுத்த முறை மெதுவான ஆட்டம் ஒரு நிமிடத்துக்கு நீண்டால், அது நின்றதும் முதலில் அத்தையைத் தொலைபேசியில் அழையுங்கள். கையில் மருந்துப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் கட்டடத்துக்கு வரச் சொல்லுங்கள். மின்தூக்கி வேண்டாம், மூட்டுவலிக்காரர் பத்தொன்பது மாடி ஏறவும் வேண்டாம், நான்காவது ஐந்தாவது மாடியில் தெரிந்தவர் வீட்டில் உட்கார்ந்தால் போதும். அலை ஒன்றோடு நிற்பதில்லை என்பதால், அபாயம் நீங்கியது என்று வானிலைத் துறை அறிவிக்கும் வரை அவரைக் கீழே அனுப்பாதீர்கள். அந்த வீட்டுக்காரர் யார் என்பதை மட்டும் இந்த வாரமே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.